லெட்யூஸ் உருண்டை கட்டுமா? வீட்டுத் தோட்டக்காரர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

தீபாவளி முடிந்து காற்றில் கொஞ்சம் குளிர் ஏறினால் போதும், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, சாலடிலும் சாண்ட்விச்சிலும் பச்சையாகத் தின்னும் லெட்யூஸ்மேல் ஆசை வந்துவிடும். விதைப் பகிர்வுக்கு வருகிறவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், உறவினர்களின் உறவினர்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் இருப்பது கோவைப் பக்கம். சென்னை, மதுரை, ஊட்டிக்காரர்களுக்கு மாறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. லெட்யூஸும் முட்டைக்கோஸும் ஒரே குடும்பம்தானே அக்கா? கோஸ் போடுற மாதிரியே போட்டுடலாமா?

பார்க்கத்தான் ஒன்றுபோல இருக்கும். முட்டைக்கோஸ் கடுகுக் குடும்பம். லெட்யூஸ் சூரியகாந்தி, சாமந்தி இருக்கிற குடும்பம். அதனால் கோஸை ஓட்டை போடும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு லெட்யூஸைச் சீண்டாது. ஆனால் கோஸுக்கு இருக்கும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் லெட்யூஸுக்குக் கிடையாது. வேர் மேலாப்பில்தான் ஓடும், இலை மெல்லிசு, வெயிலுக்கு உடனே முகம் சுருங்கிவிடும். கோஸ் வளர்த்த அனுபவம் நாற்று நடும்வரைக்கும்தான் உதவும்.

2. பாக்கெட்ல என்னென்னவோ பேர் போட்டிருக்கு. இதுல எது உருண்டை கட்டும்?

கடையில் பந்துபோல இருக்கும், கடித்தால் நறுக்கென்று உடையும் வகை ஐஸ்பெர்க். விதைப் பாக்கெட்டில் ‘கிரேட் லேக்ஸ்’ என்று பார்த்தாலும் அது இந்தக் கூட்டம்தான். விதைத்ததிலிருந்து 75 முதல் 90 நாள் ஆகும். அடுத்தது பட்டர்ஹெட்: இலை வெண்ணெய்போல மெத்தென்று இருக்கும், உருண்டை தளர்வாகக் கட்டும், 55 முதல் 70 நாளில் தயார். ‘பட்டர்கிரஞ்ச்’ இந்த வகை. ரோமைன் நிமிர்ந்து நீளமாக வளரும், நடுவில் இறுக்கமான குருத்து சேரும்.

லோலோ ரோசோ, ‘பிளாக் சீடட் சிம்சன்’, ‘கிராண்ட் ராபிட்ஸ்’ எல்லாம் இலை வகை. என்ன செய்தாலும் உருண்டை கட்டாது. கடைக்காரர் ‘லெட்யூஸ்’ என்று மட்டும் எழுதிய பொட்டலத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். உருண்டை வேண்டுமென்றால் வகைப் பெயர் தெரியாத விதையை வாங்காதீர்கள்.

3. சென்னை, மதுரை வெயில்ல உருண்டை கட்டுமா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஐஸ்பெர்க் கட்டாது. கட்டினாலும் கடையில் பார்க்கும் கெட்டியான பந்து வராது.

லெட்யூஸ் உருண்டை கட்டுவதை முடிவு செய்வதில் பகல் வெயிலைவிட இரவுக் குளிருக்குப் பங்கு அதிகம். பகலில் 18 முதல் 24 டிகிரி, இரவில் 7 முதல் 15 டிகிரி இருந்தால் ஐஸ்பெர்க் நிம்மதியாகத் தலை சேர்க்கும். சென்னையில் ஜனவரி மாதத்திலேயே இரவு சராசரியாக 20, 21 டிகிரி இருக்கும். கோவையில் ஒன்றிரண்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். பகலை நிழல்வலை போட்டுச் சமாளிக்கலாம். இரவைக் குளிரவைக்க நம்மிடம் வழி இல்லை.

ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஐஸ்பெர்க்கைத் துரத்தாமல் பட்டர்ஹெட்டும் ரோமைனும் போடுங்கள். இரண்டும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி நடுவரை ஓரளவு நன்றாகவே தலை சேர்க்கும். ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக ஐஸ்பெர்க் முயலலாம். ஊட்டியில் இது சந்தைப் பயிரே. அங்கே மண்டிகளில் புரக்கோலி, செலரியோடு சேர்த்து ‘சைனீஸ் காய்கறி’ என்பார்கள்.

4. எந்த மாசம் விதைக்கணும்?

கோவை, திருச்சி, மதுரைக்கு அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம்வரை. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் கொட்டும். இளநாற்று அந்த அடியைத் தாங்காது. நவம்பர் நடுவில் கூரைக்குக் கீழே குழித்தட்டில் விதைத்து, மழை ஓய்ந்ததும் டிசம்பரில் வெளியே நடுவது நல்லது. பிப்ரவரி பிறந்தால் எண்ணிக்கொண்டே இருங்கள், மாத நடுவுக்குள் அறுத்துவிட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானலில் ஆண்டு முழுக்க விதைக்கலாம். கடும் உறைபனிக் காலத்தையும் தொடர்மழைக் காலத்தையும் தவிர்த்தால் சரி. உறைபனியைப் பற்றி 20-ஆம் கேள்வியில் பாருங்கள்.

5. விதை போட்டு பத்து நாள் ஆச்சு, ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல. விதை டூப்ளிகேட்டா?

விதைமேல் பழி போடுவதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள். முதலாவது சூடு. லெட்யூஸ் விதைக்கு 15 முதல் 22 டிகிரி பிடிக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான வகைகள் ஈரம் இருந்தும் முளைக்க மறுத்துவிடும். வெயில் காலத்தில் முளைத்துக் கருகிப்போகாமல் இருக்க அந்தச் செடி வைத்திருக்கும் தற்காப்பு அது. தண்ணீர் உறிஞ்சும் முதல் சில மணி நேரம்தான் இதில் முக்கியம். அதனால் காலையில் விதைக்காமல் சாயங்காலம், வெயில் தாழ்ந்தபின் விதையுங்கள்.

இரண்டாவது வெளிச்சம். பல லெட்யூஸ் வகைகளுக்கு முளைக்க வெளிச்சம் தேவை. 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் ‘கிராண்ட் ராபிட்ஸ்’ லெட்யூஸ் விதையை வைத்துத்தான் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். சிவப்பு ஒளி பட்டால் முளைக்கிறது, அதையடுத்துத் தொலைச்சிவப்பு ஒளி பட்டால் முளைப்பு நின்றுவிடுகிறது, மறுபடி சிவப்பு பட்டால் மறுபடி முளைக்கிறது. கடைசியாக எது பட்டதோ அதன்படிதான் விதை நடக்கும். செடிகள் ஒளியை உணரும் நிறமியைத் தேடிப்பிடிக்க அந்தச் சின்ன விதை வழி காட்டியது. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வெண்டை விதைபோல விரல் ஆழத்தில் புதைக்காதீர்கள். ஈரக் கலவைமேல் தூவி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) பொடி தூவி, மெதுவாக அழுத்திவிடுங்கள். பூவாளிகூட வேண்டாம், தெளிப்பான் போதும்.

6. ஃப்ரிட்ஜ்ல வெச்சு முளைக்க வைக்கணும்னு சொன்னாங்க. நெசமா?

நிஜம்தான், வேலையும் செய்யும். டிபன் பாக்ஸில் டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன்மேல் விதையைத் தூவி மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். பிறகு வெளியே எடுத்து வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், வெளிச்சம் படும்படி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை வேர்முனை தெரியும். வேர் அரை சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் பல்குத்தும் குச்சியால் எடுத்துக் குழித்தட்டில் வையுங்கள். விட்டுவிட்டால் வேர் பேப்பருக்குள் புகுந்துகொள்ளும், இழுத்தால் அறுந்துவிடும்.

7. நாத்து நூல் மாதிரி நீண்டு ஒருபக்கமா சாஞ்சிடுதே?

வெளிச்சம் போதவில்லை. முளைத்த அன்றே காலை வெயில் படும் இடத்துக்குத் தட்டை நகர்த்த வேண்டும். ஜன்னலோரம் போதாது. நீண்டுபோன நாற்றை விதையிலைவரைக்கும் மண்ணுக்குள் இறக்கி நட்டுத் தேற்றலாம், குருத்து மட்டும் மண்ணுக்குள் போகக்கூடாது.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூலாகச் சுருங்கி விழுந்தால் அது வேறு. நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்று குறைவு, நெருக்கம் அதிகம் என்று அர்த்தம். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அடுத்த தடவை கலவையில் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்து, மேல்மண் லேசாகக் காய்ந்தபின் தண்ணீர் காட்டுங்கள்.

8. எவ்ளோ பெரிய பை வேணும்? ஒரு பையில எத்தனை செடி வைக்கலாம்?

வேர் ஆழமாகப் போகாது என்பதால் 9 அங்குல ஆழம் போதும். ஐஸ்பெர்க் என்றால் 12 அங்குலப் பைக்கு ஒரே செடி. பட்டர்ஹெட் 9 அங்குலப் பைக்கு ஒன்று. 24-க்கு 12 அங்குல நீளப் பை இருந்தால் பட்டர்ஹெட் மூன்று, வளைத்து வளைத்து வைத்தால் நான்கு. தரையில் போடுகிறவர்கள் ஐஸ்பெர்க்குக்குச் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும், பட்டர்ஹெட்டுக்கு 20 முதல் 25-ம் விடுங்கள்.

நாற்று சின்னதாக இருக்கும்போது இந்த இடைவெளியைப் பார்த்தால் வீணடிப்பதாகத் தோன்றும். இடையில் முள்ளங்கியோ வெந்தயக்கீரையோ தூவி, 25 நாளில் பிடுங்கிக்கொள்ளலாம்.

9. மண் கலவை என்ன? என் போர் தண்ணி கொஞ்சம் உப்பு வேற.

செம்மண் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கார அமிலத்தன்மை (pH) 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது.

உப்புத் தண்ணீர்தான் பெரிய சிக்கல். லெட்யூஸ் உப்பைத் தாங்காத பயிர்களில் ஒன்று. வேர்ப்பகுதி மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1.3 டெசிசைமன்ஸைத் (உப்பை அளக்கும் அலகு) தாண்டும்போதே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். தக்காளி அதில் கிட்டத்தட்ட இரு மடங்குவரை தாங்கும். ‘அதே தண்ணிதானே தக்காளிக்கும் ஊத்துறேன், அது நல்லாத்தானே இருக்கு’ என்பவர்களுக்கு இதுதான் பதில். கார்ப்பரேஷன் தண்ணீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர் எது கிடைக்கிறதோ அதை லெட்யூஸுக்கு ஒதுக்குங்கள். வழியே இல்லையென்றால் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். கோகோபீட்டைக் கழுவாமல் போடுவதும் உப்பைக் கொட்டுவதும் ஒன்றுதான்.

10. நிழல்லயா வெயில்லயா?

டிசம்பர், ஜனவரியில் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் நேரடியாகப் படவேண்டும், நடுப்பகலில் நிழல். பிப்ரவரியில் 35 முதல் 50 சதவீத நிழல்வலை. ஏற்கெனவே கிரில்லில் கட்டி வைத்திருக்கும் 75 சதவீதப் பச்சை வலைக்குக் கீழே வைத்தால் செடி உயிரோடு இருக்கும், உருண்டை கட்டாது. இலை நீண்டு தொய்ந்து போகும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தரையும் கைப்பிடிச் சுவரும் வெப்பத்தைத் திருப்பியடிக்கும். பையை நேரே தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் வேருக்குச் சூடு குறையும்.

11. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், ஆனாலும் மத்தியானம் வாடிடுது. இன்னும் ஊத்தணுமா?

விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள். நடுப்பகலில் இலை தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெப்பத்துக்கு வாடியது, நிழல் கொடுத்தால் சரியாகிவிடும். காலையில் பார்க்கும்போதே வாடியிருந்தால் வேரில் கோளாறு. அப்போது தண்ணீரை நிறுத்தி, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில், செடியின் அடியில், அளவாக. உருண்டை சேர ஆரம்பித்தபின் தலையில் ஊற்றவே கூடாது, உள்ளே தேங்கும் தண்ணீர் அழுகலைக் கூப்பிட்டுக்கொண்டு வரும்.

12. பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் எல்லாம் தெளிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கத்தரிக்கும் வெண்டைக்கும் தாராளமாகத் தெளியுங்கள். லெட்யூஸை நாம் வேகவைப்பதில்லை. சாணம் கலந்த எதையும் பச்சையாகத் தின்னும் இலைமேல் தெளிக்கக்கூடாது. உருண்டைக்குள் போய்விட்டால் கழுவியும் எடுக்க முடியாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிராக இருந்தால் பச்சை எருவுக்கும் அறுவடைக்கும் நடுவே 120 நாளாவது இருக்கவேண்டும் என்று இருக்கிறது. லெட்யூஸின் மொத்த ஆயுளே அவ்வளவு கிடையாது. 2018-ல் அங்கே ரோமைன் லெட்யூஸ் வழியாக ஈ.கோலை கிருமி பரவி, வீட்டில் இருக்கும் ரோமைனை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று அரசே சொல்லவேண்டி வந்தது.

ஊட்டத்துக்கு நடும்போது கலந்த மண்புழு உரமே முக்கால்வாசி போதும். நட்ட மூன்றாவது வாரம் ஒரு கைப்பிடி மேலே தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். மீன் அமிலம் கொடுப்பதென்றால் நீர்த்து வேரில் மட்டும், அதுவும் உருண்டை ஆரம்பிக்கும் முன்பு.

13. செடி நல்லா செழிப்பா இருக்கு, ஆனா உருண்டை கட்டாம பரந்துகிட்டே போகுது.

முதலில் வகையைச் சரிபாருங்கள் (2), பிறகு இரவு வெப்பத்தை (3). இரண்டும் சரியென்றால் மிச்சமுள்ள காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

தழைச்சத்து அதிகமானால் இலை கரும்பச்சையாகப் பெருத்துக்கொண்டே போகும், சேராது. செடிகள் நெருங்கினால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நிமிர்ந்துவிடும். குருத்து மண்ணுக்குள் புதையும்படி ஆழமாக நட்டாலும் தலை கோணிக்கொள்ளும். ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு: சாண்ட்விச்சுக்கு என்று தினமும் இரண்டு வெளி இலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். உருண்டைக்குச் சாப்பாடு தயாரிப்பதே அந்த வெளி இலைகள்தான். கிள்ளித் தின்ன ஆசையென்றால் அதற்கு இலை வகையைத் தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

14. இலையை எல்லாம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுடவா?

வேண்டாம். உருண்டை உள்ளிருந்து கட்டுவது. புது இலை உள்ளே பிறந்து, வெளியே விரிய இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து இறுகும். வெளியே கட்டினால் காற்று நின்று, உள்ளே வியர்த்து அழுகும்.

15. நடுவுல கம்பு மாதிரி எழும்புது, அது என்ன?

பூந்தண்டு. செடி தலை சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு விதை போடக் கிளம்பிவிட்டது. வெப்பமும் நீண்ட பகலும் இதைத் தூண்டும். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை, ஆகவே குற்றவாளி பெரும்பாலும் வெப்பம்தான். நாற்று குழித்தட்டிலேயே ஆறு ஏழு வாரம் கிடந்து வேர் சுற்றிக்கொண்டாலும் இப்படி அவசரப்படும். நான்கைந்து இலை வந்ததும் நடுங்கள்.

கம்பை வெட்டினால் மறுபடி உருண்டை கட்டாது. இலை கசக்கும் முன் அறுத்துச் சாப்பிடுங்கள், அல்லது விதைக்கு விட்டுவிடுங்கள் (22). லெட்யூஸில் தண்டுக்காகவே வளர்க்கும் வகையும் உண்டு. சீனர்கள் அதைத் தோல் சீவி வதக்குகிறார்கள். நம் ஐஸ்பெர்க்கின் பூந்தண்டுக்கு அந்த ருசி வராது, கசப்புதான்.

16. முதல் அறுவடை, ஆசையா வாயில வெச்சேன், வேப்பிலை மாதிரி கசக்குது!

அறுத்த அடித்தண்டைப் பாருங்கள். வெள்ளையாகப் பால் சுரந்து, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். கசப்பு அந்தப் பாலில் இருக்கும் லாக்டூசின் வகைப் பொருள்களால் வருவது. இளசாக, குளிரில் வளர்ந்த செடியில் குறைவு. வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, பூந்தண்டு எழும் நேரம் இவையெல்லாம் அதைக் கூட்டும். ஆக 3, 10, 11, 15 ஆகியவற்றில் சொன்னதைச் சரிசெய்தால் அடுத்த செடி கசக்காது.

கையிலிருக்கும் செடிக்கு: விடியற்காலையில் அறுங்கள், ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடுங்கள், நடுநரம்பைக் கிள்ளிவிடுங்கள். லேசான கசப்பு அடங்கும். ரொம்பக் கசந்தால் வெளி இலையை ஒதுக்கிக் குருத்தை மட்டும் எடுங்கள்.

17. உள் இலையோட ஓரம் கருகுது. கால்சியம் குறைச்சல்னு சொன்னாங்க, முட்டை ஓடு பொடிச்சுப் போட்டும் நிக்கலையே?

சொன்னவர் பாதி சரி. கருகும் இலை ஓரத்தில் கால்சியம் குறைவுதான், ஆனால் மண்ணில் குறைவு என்று அர்த்தமில்லை. கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் நகரும். எந்த இலையிலிருந்து நீராவி அதிகம் வெளியேறுகிறதோ அங்கேதான் தண்ணீர் ஓடும். வெளி இலைகள் காற்றில் விரிந்து கிடப்பதால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கின்றன. உருண்டைக்குள் மூடிக் கிடக்கும் பிஞ்சு இலைக்குக் காற்றும் இல்லை, நீராவியும் போகாது, ஆகவே கால்சியமும் போய்ச் சேராது. அது வேகமாக வளரும் நேரத்தில் ஓரம் வெந்ததுபோல் பழுத்துக் கறுக்கிறது.

முட்டை ஓடு மண்ணில் கரையவே மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் செடி அறுவடைக்கு வந்துவிடும். செய்யவேண்டியது வேறு: ஒருநாள் காய்ந்து ஒருநாள் வெள்ளமாக இல்லாமல் தண்ணீரை ஒரே சீராகக் கொடுங்கள். செடிகளுக்கு நடுவே காற்று ஓடவிடுங்கள். தழைச்சத்தைக் குறைத்து வளர்ச்சியை நிதானப்படுத்துங்கள். உப்புத் தண்ணீரும் இதைக் கூட்டும் (9). ஓரம் மட்டும் கருகியிருந்தால் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். வழவழப்பாக அழுக ஆரம்பித்திருந்தால் வேண்டாம்.

18. இலைக்குள்ள பச்சை பச்சையா பேன் மாதிரி பூச்சி. கடையில மருந்து கேட்டு அடிக்கவா?

அசுவினி. உருண்டைக்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் போய்ச் சேராது, நீங்களும் அதையேதான் சாப்பிடப் போகிறீர்கள். ஆகவே ரசாயனம் வேண்டாம். தலை சேரும் முன்பே, வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் வைத்தியம். ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே உதிரும். விடாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் தெளியுங்கள். உருண்டை மூடியபின் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கசப்பை ஐஸ் தண்ணீரும் எடுக்காது. எறும்பு வரிசை பைமேல் ஏறினால் அசுவினி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

19. காலையில பார்த்தா பாதி செடி மொட்டை. ஆனா ஒரு பூச்சியும் கண்ணுல படலை.

இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளிபோல மினுங்கும் கோடு இருந்தால் நத்தை. கையால் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள், ஆப்பிரிக்க நத்தையாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பைக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கை விரித்து வைத்தால் பகலில் அதனடியில் ஒளிந்திருக்கும், காலையில் மொத்தமாகப் பிடிக்கலாம். கோடு இல்லாமல் கரும்பச்சை எச்சம் மட்டும் கிடந்தால் வெட்டுப்புழு. பகலில் மேல்மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும்.

இலைமேல் வெள்ளையாக வளைந்து வளைந்து கோடு மட்டும் இருந்தால் அது இலைத்துளைப்பான் ஈயின் புழு. அந்த இலையைக் கிள்ளி எரியுங்கள், உரக்குழியில் போடவேண்டாம்.

20. ஊட்டியில இருக்கோம். ஜனவரி உறைபனியில செடி கண்ணாடி மாதிரி ஆயிடுது.

லேசான பனியை இளஞ்செடி தாங்கும். தலை சேர்ந்த செடியின் வெளி இலையில்தான் தோல் கொப்பளித்து உரியும். சாயங்காலமே நிழல்வலையோ பழைய போர்வையோ கம்பிமேல் தூக்கலாகப் போட்டு மூடுங்கள், இலையைத் தொடக்கூடாது. விடியற்காலையில் அங்கே விவசாயிகள் ஸ்பிரிங்ளர் ஓட்டிப் பனியைக் கரைப்பார்கள். வீட்டில் பூவாளி போதும், வெயில் ஏறும் முன் செய்யவேண்டும். உறைந்திருக்கும்போது அறுக்காதீர்கள், கை பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். தானாக இளகியபின் பார்த்தால் முக்கால்வாசி செடி பழையபடி நிற்கும்.

21. எப்ப அறுக்கணும்னு எப்படித் தெரியும்? வெட்டின அடிக்கட்டை திரும்பத் துளிர்க்குமா?

இரண்டு கட்டைவிரலாலும் தலையின் உச்சியை அழுத்திப் பாருங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் இன்னும் ஒரு வாரம். லேசாக அமுங்கித் திரும்ப எழுந்தால் அறுக்கலாம். கல்லாக இருந்தால் இன்றே அறுங்கள், உள்ளே பூந்தண்டு முட்டிக்கொண்டிருக்கும். பட்டர்ஹெட் எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும், நடு இலைகள் கவிழ்ந்து மூடினாலே போதும்.

மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து சின்ன இலைகள் வரும், ஒரு தட்டு சாலடுக்கு ஆகும். இரண்டாவது உருண்டை வராது. கடையில் வாங்கியதன் அடியைத் தண்ணீரில் வைத்து வளர்ப்பதும் இப்படித்தான்: நாலு இலை விட்டுவிட்டு நேராகப் பூந்தண்டு எழுப்பும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட நல்லது.

22. விதை எடுத்து வெச்சுக்கலாமா? அடுத்த வருஷம் அதே மாதிரி வருமா?

வரும். லெட்யூஸ் தன் மகரந்தத்தாலேயே கருவுறும், கலப்பது குறைவு. குட்டி மஞ்சள் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் விரியும். மூடி இரண்டு மூன்று வாரத்தில் மொட்டின் நுனியில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தால் விதை முற்றிவிட்டது. எல்லாம் ஒரே நாளில் முற்றாது, பேப்பர் கவரைக் கவிழ்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உதறிச் சேருங்கள்.

எந்தச் செடியிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பூத்த செடியில் விதை எடுப்பது எளிது, ஆனால் அது வெப்பத்துக்கு முதலில் தோற்ற செடி. கடைசிவரை தாக்குப்பிடித்துத் தலை சேர்த்து, எல்லாவற்றுக்கும் பின்னால் பூத்ததை விதைக்கு விடுங்கள். அதைச் சாப்பிட மனம் துடிக்கும், விட்டுவிடுங்கள். விதையை நன்றாக நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். அலமாரியில் வைத்தால் நம் ஊர் கோடையே அதை முடித்துவிடும்.

23. ஐஸ்பெர்க்ல சத்தே இல்ல, வெறும் தண்ணின்னு டாக்டர் சொன்னார். அப்ப எதுக்கு வளர்க்கணும்?

டாக்டர் சொன்னதில் தப்பில்லை, அதில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சத்துக்கு என்றால் முருங்கைக்கீரை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ரோமைனிலும் பட்டர்ஹெட்டிலும் வைட்டமின் ஏ, கே இரண்டும் ஐஸ்பெர்க்கைவிடப் பல மடங்கு உண்டு. சமவெளிக்காரர்களுக்கு நான் அவற்றையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொண்டால் வைட்டமின் கே அளவு திடீரென ஏறி இறங்கக்கூடாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அளவு வையுங்கள்.

24. அப்போ ஏசி ரூம்ல, லைட் போட்டு, ஹைட்ரோபோனிக்ஸ்ல மே மாசமும் வளர்க்கலாம்ல?

மண்ணே இல்லாமல் ஊட்டக் கரைசலில் வளர்க்கும் முறைதான் அது, வளர்க்கலாம். 2015 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்திலேயே எல்.இ.டி. விளக்கின் கீழ் வளர்ந்த சிவப்பு ரோமைனை விண்வெளி வீரர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள், உங்கள் படுக்கையறையில் வராதா என்ன? அறை 20 டிகிரியை ஒட்டி, விளக்கு 12 முதல் 16 மணி நேரம், ஊட்டக் கரைசலின் கார அமிலத்தன்மை 5.5-லிருந்து 6.5-க்குள். கரைசல் 25 டிகிரிக்குமேல் சூடானால் வேர் பழுப்பாகி அழுகும். மொட்டை மாடியில் பைப் வைத்தவர்கள் மார்ச்சில் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த முறையிலும் எளிதில் வருவது இலை வகையும் பட்டர்ஹெட்டும்தான்.

கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டபின் ஆசை மிச்சமிருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் மார்ச்சில் பையைக் காலி செய்து, பழைய வேரைப் பொறுக்கி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் கலந்து, கொடிப்பசலையோ பருப்புக்கீரையோ போடுங்கள். இரண்டும் வெயிலைப் பார்த்துச் சிரிக்கும். லெட்யூஸ் விதை டப்பா அக்டோபர்வரை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.